அறுபத்தொரு கிராம்

வேலூரில் பேட்டரி மாற்றிக்கொண்டு
குடியாத்தம் பஸ் ஏறினேன்.
பள்ளிகொண்டா தாண்டவில்லை,
மடியிலிருந்த டேப்லெட் கண்ணை மூடிக்கொண்டது,
நாற்பத்தொரு சதவீதம் என்று
அதுவே சொன்ன அதே நிமிஷத்தில்.

"புதுசில்ல, செட் ஆவ ரெண்டு நாளாவும்"
என்றான் இம்தியாஸ் போனில்,
புதுச் செருப்புக்குச் சொல்வதுபோல.

ரெண்டு நாள் கொடுத்தேன்.
முழுக்க ஏற்றினேன், முழுக்க இறக்கினேன்.
முப்பது எண்ணும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
வெளிச்சம் குறைத்தேன், ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன்.
சார்ஜரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன்,
மாடியில் கரன்ட் நல்லா வருமென்று யாரோ சொல்ல
சுவரையும் மாற்றிப் பார்த்தேன்.
சூடுதான் காரணம் என்றார் மேஸ்திரி.
மே மாசம் குடியாத்தத்தில் எது சூடில்லை?
சோடாக் கடை ஐஸ்பெட்டிமேல் துணி விரித்து
கால் மணி நேரம் கிடத்தினேன்.
குளிர்ந்து செத்தது.

பழைய பில் புத்தகத்தின் பின்னட்டையில்
பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன்:
காலை 9.20, நாற்பத்து மூன்று.
11.05, முப்பத்தெட்டு.
2.40, நாற்பத்தொன்று, போட்டோ எடுக்கும்போது.
சும்மா வைத்திருந்தால் இருபதுவரை தாங்குகிறது.
கட்டுகளை எண்ணி, படம் பிடித்து, அனுப்பு என்றால்தான்
கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை.
பீடிக் கட்டுகளோடு முப்பத்தாறு பேர் வரிசையில்.
அவர்களுடைய வாரம் முழுக்க இதற்குள் இருக்கிறது,
நான் இதன் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
"இன்னாக்கா, எங்க கணக்கு வரும்போது மட்டும் தூங்குது?"
சிரித்தார்கள்.
அதில் பாதி சிரிப்பில்லை.

ஜபீன் சிரிக்கவில்லை.
"பழசு வச்சிக்கீறியா?"
வைத்திருந்தேன், லேசாக உப்பியது,
பிஸ்கட் டப்பாவில், ஜன்னல்மேல்.
"ரெண்டையும் தராசுல வை."

காலாவதியான ஏடிஎம் கார்டால் பின்மூடியை நெம்பி
பசையிலிருந்து புதியதைப் பிரித்தெடுக்க
இருபது நிமிஷம், ஒரு நகம்.
புகையிலைத் தராசைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன்.
பழையது தொண்ணூற்றிரண்டு கிராம்.
புதியது அறுபத்தொன்று.
இரண்டின் மேலும் ஒரே எண், ஐயாயிரம்.
புதியதில்தான் எழுத்து பளிச்சென்று இருந்தது.

முப்பத்தொரு கிராம் எங்கே போனதென்று
பீடி சுற்றுகிறவர்களுக்கு
யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆறு பத்து பஸ்ஸைப் பிடித்து
இம்தியாஸ் மேஜையில் ரெண்டையும் போட்டு
இன்னது கேட்பேன், இப்படிக் கேட்பேன் என்று
மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.
எனக்கு வந்ததே அப்படித்தாங்க, என்பான்.
அது நிஜமாகவும் இருக்கலாம்.

தராசின் சிவப்பு எண்கள் இன்னும் அணையவில்லை.
ஜபீன் தன் இலைப் பையை மேஜையில் வைத்தாள்.
கம்பெனியிலிருந்து கட்டியே வருவது.
மேலே அச்சு: ஆயிரம் பீடிக்கு, எழுநூறு கிராம்.
நான் நிறுப்பதில்லை,
பையை எண்ணிக் கொடுப்பதோடு சரி,
ஆறு வருஷமாக.
கட்டியிருந்த நூலைக்கூடக் கழற்றிவிட்டு
தராசில் இறக்கினாள்.

அறுநூற்று நாற்பது.

"இலை காஞ்சிருக்கும்" என்றேன்.
ரெண்டு நாளில் செட் ஆகிவிடும் என்றும்
சொல்லியிருப்பேன் போல,
வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
டேப்லெட் வயிறு திறந்து கிடந்தது.
பில் புத்தகத்தை இழுத்து
நாற்பத்து மூன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்றுக்குக் கீழே
கோடு கிழித்து
எழுதினேன்: ஜபீன், 640.
அடுத்து யாரு, என்று நிமிர்ந்தால்
சகாயமேரி ஏற்கெனவே
நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.